நீ வாசிக்காத கடைசிப் பக்கம்

இன்று காலை புளி அறையைத் திறந்தேன். நீ போன பிறகு இதுதான் முதல் முறை. பூட்டு துருப்பிடித்துவிட்டது, ஆள் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று ஒத்தாசைக்கு வரும் பக்கத்து வீட்டுக் காசியம்மாவிடம் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்டுக்கு ஒன்றும் இல்லை. சாவி போட்டதும் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வாசனை வந்து முகத்தில் நின்றது. பழம்புளியின் புளிப்பு, சுவர் முழுக்க நாம் ஆணியடித்து மாட்டிய இலவம்பஞ்சு மெத்தைகளின் தூசி, இரண்டுக்கும் நடுவில் நீ தொண்டைக்காகக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் சித்தரத்தை. புளி இருக்கட்டும், மெத்தை இருக்கட்டும். சித்தரத்தை இவ்வளவு நாள் நிற்க நியாயம் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன். மைக் ஸ்டாண்ட் அறை நடுவில் நிற்கிறது, நீ நாற்காலியில் உட்கார்ந்தால் உன் வாய்க்கு நேராக வரும்படி இறக்கி வைத்தபடியே.

மத்தியானம் பிரவீண் ஜீப்பில் வருகிறான். நிஷாவும் வருகிறாள். உன் நாவலை வைத்து அவர்கள் செய்த ஆல்பம் முடிந்துவிட்டது, கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியைத் தவிர. அதற்கு என்னிடமிருந்து ஒரு பதில் வேண்டுமாம். சரி என்று சொன்னால், நீ வாசிக்காமல் போன அந்தக் கடைசிப் பக்கத்தை உன் குரலிலேயே கம்ப்யூட்டர் வாசிக்கும். வேண்டாம் என்றால் வாசிக்காது. உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அண்ணனும் இல்லை. உன்னோடு இருந்த அண்ணி ஒருத்திதான் மிச்சம். அதனால் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டு இந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். நான் இப்படி எழுதுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பிரவீண் முதன்முதலில் வந்த அன்று நீ வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாய். தோளில் பையும் கட்டிய முடியுமாக ஒருவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மீட்டர் பாக்க வந்தியா? மீட்டர் பின்னால கீது" என்றாய். அவன் பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்தான். அட்டை கிழிந்த, அச்சில் இல்லாமல் போய்ப் பல வருஷமான புத்தகம். சென்னையில் நடைபாதைக் கடையில் கிடைத்ததாம். அதை ராக் இசை ஆல்பமாகச் செய்ய வேண்டும் என்றான். உன் முறம் நின்றது.

"ராக்குன்னா ஆடறதுக்கா?"

"இல்லம்மா. இது வேற வகை. ப்ரோக்ரெசிவ் ராக். உக்காந்து கேக்கறது. ஒரு பாட்டே இருபது நிமிஷம் போகும். கதை மாதிரி, அத்தியாயம் அத்தியாயமா."

"அப்ப சரி. எங்க அண்ணிக்கு ஆடறது புடிக்காது" என்றாய். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

வேலூரில் டிரங்க் எக்சேஞ்சில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களைக் காலமெல்லாம் இணைத்துவிட்டவள் நீ. உனக்கு இரண்டு குரல் இருந்தன. தலையில் ஹெட்போன் மாட்டினால் அட்சரம் பிசகாத குரல். கழற்றினால் கலசப்பாக்கத்து வயலில் ஆள் கூப்பிடும் குரல். நாவல் எழுதியது முதல் குரல் என்று நான் சொல்வேன். இரண்டாவது குரல்தான் எழுதியது என்று நீ சொல்வாய். கதை எளியது. மலை ஊர் ஒன்றில் தபால் ஆபீசில் ஒரே ஒரு தொலைபேசி. மழைக்காலத்தில் ஊரோடு பேச்சு அறுந்துபோகிறது. கீழே எக்சேஞ்சில் இருக்கும் பெண் தினமும் அந்த எண்ணை அழைக்கிறாள். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. அந்த ஊரில்தான் அவளுடைய அண்ணன் இருக்கிறான். கடைசிப் பக்கத்தில் யாரோ எடுக்கிறார்கள். அவன்தான். அவள் பேசுகிறாள், புத்தகம் முடிகிறது.

அதை நீ எழுதியபோது உன் அண்ணன் இந்த மலையில் மாட்டு டாக்டராக நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதியில் ஒற்றுப்பிழை பார்த்தது நான்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று அன்று உன்னைப் பாராட்டினேன்.

இந்த வீட்டில் தடித்த மண்சுவரும் ஒரே சின்ன ஜன்னலும் உள்ளது புளி அறை மட்டும்தான் என்பதால் பதிவு அங்கே என்று முடிவாயிற்று. மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றினோம். கல்யாணத்துக்கு எனக்குச் சீராக வந்த மெத்தைகளைச் சுவரில் அறைந்தார்கள். "உங்க அம்மா பாத்தா ஆணிய அவங்க தலையில அடிச்ச மாதிரி துடிச்சிருப்பாங்க அண்ணி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நிஷா டிரம்ஸ் வாசிக்கிறவள். பழைய தொலைபேசி மணியைப் போல இரண்டு அடி, ஒரு இடைவெளி என்று ஒரு தாளம் கட்டினாள். ஏழு எண்ணிக்கையில் அது திரும்பி முதலுக்கு வந்துவிடும். கான்வென்ட்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த பியானோ எனக்கு நான்கும் எட்டுமாகத்தான் வரும்.

"எட்டாவது எங்கே?" என்று கேட்டேன்.

நிஷா பதில் சொல்வதற்குள் நீ சொன்னாய்: "எட்டாவது அந்தப் பக்கம் இருக்கறவன் எடுக்கறது அண்ணி. அவன் எடுக்கல. அதான் கதை."

நிஷா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் அவள் உன் ஆள்.

என்னையும் நீதான் மாட்டிவிட்டாய். மூன்றாவது பாட்டில் கீபோர்டில் பிரார்த்தனைக் கீதம் போல மெதுவாக ஒரு பகுதி வர வேண்டும், அண்ணி வாசிப்பார்கள் என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாய். வாசித்தேன். நிஷா அவசரப்படுகிறாள் என்று திரும்பத் திரும்ப நிறுத்தினேன். "அம்மா, நீங்க தாளம் தட்டற மெட்ரோனோமுக்கே டியூஷன் எடுப்பீங்க" என்றாள். "எங்க அண்ணன் நாற்பது வருஷம் எடுத்துக்கினாரு, பாஸ் ஆகாமலே போய்ட்டாரு" என்றாய். அந்த அறையில் நான் அவ்வளவு சிரித்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிரவீண் அதையும் பதிவு செய்திருக்கிறான். பாட்டுக்கு நடுவில் பேசியது, இருமியது, என்னைக் கிண்டல் செய்தது எல்லாமே அவனிடம் இருக்கிறது. அப்போது அது எனக்குத் தெரியாது.

பயம் அந்த அறையில்தான் ஆரம்பித்தது. நீ வாசிக்கும்போது நானும் ஒரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உச்சரிப்பைக் கவனிப்பேன். மைக் எதையும் மறைக்காது. இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நீ மூச்சு இழுக்கும்போது, அதற்கு அடியில், கதவிடுக்கில் காற்று நுழைவது போல ஒரு மெல்லிய விசில் கேட்டது. பிரவீண் கருவிக் கோளாறு என்று நினைத்து வயர்களை மாற்றிப் பார்த்தான். நான் எழுந்து உன் பின்னால் வந்து நின்றேன். வயரில் இல்லை.

"மலைக்காத்து அண்ணி, உள்ள பூந்துக்கினு போவ மாட்டேங்குது" என்றாய். அடுத்த வாரமே உன்னைத் திருப்பத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்தார்கள். விசில் நிற்கவில்லை. பிரவீண் அதைக் கம்ப்யூட்டரில் வைத்து வாக்கியம் வாக்கியமாகத் துடைத்து எடுத்தான். துடைத்த பதிவைப் போட்டுக் காட்டினான். பத்து வயது குறைந்த நீ பேசினாய். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நீ நின்றுவிட்டாய். நாளைக்கு, அடுத்த வாரம், தொண்டை சரியில்லை என்று தள்ளிக்கொண்டே போனாய். ஒருநாள் சமையலறையில் கேட்டேன். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை.

"அத படிக்க முடியாது அண்ணி. 'எல்லாம் சரியாகிவிடும் அண்ணா, வீட்டுக்கு வா'ன்னு அவ சொல்றா. அண்ணன் இருக்கும்போது எழுதினது. சாவுன்னா இன்னான்னு தெரியாம எழுதிட்டேன். இப்ப வாயில வெச்சா பொய்யா கீது."

"மாற்றி எழுதேன்."

"எழுதுவேன். அவ இன்னா சொல்லுவான்னு இன்னும் எனக்குத் தெரில."

அது தெரிவதற்குள் நீ போய்விட்டாய். உன் பெட்டி, அலமாரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. புதிதாக ஒரு வரி கிடையாது. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எழுதியிருந்தால் முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டியிருப்பாய், பிழை பார்க்கச் சொல்லி.

போன மாதம் பிரவீண் தனியாக வந்தான். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். உன் பதிவுகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பழக்கியிருப்பதாகவும், இனி எதை எழுதிக் கொடுத்தாலும் அது உன் குரலில் பேசும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னான். நல்ல பையன். எனக்கு அதிர்ச்சியாக இருக்கக்கூடாது என்று முதலில் ஒரு சின்ன வாக்கியம் மட்டும் செய்துகொண்டு வந்திருந்தான். நான் தமிழில் அவனைத் திருத்துவதிலேயே கவனமாக இருந்தேன். "பழக்கினேன் என்று மாட்டைத்தான் சொல்வார்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் நீ சொன்னாய்.

"அண்ணி, காபி ஆறிடப் போவுது."

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். "இதோ" என்றேன். டம்ளரைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மேசைமேல் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

காசியம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். ஸ்பீக்கரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "பம்பக்காரன் இல்லாமலே வர வெச்சிட்டானா? எங்க மாமியாரக்கூட பேச வெக்கலாமா சாமி?" என்று பிரவீணைக் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் அவளே, "வேணாம் வேணாம். இப்பதான் நிம்மதியா கீறேன்" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள்.

பம்பைக்காரன் என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. உனக்கு நினைவிருக்கும். உன் அண்ணன் போன மறு வருஷம், கலசப்பாக்கத்தில் என் கொழுந்தன் சின்னவர் மகளுடைய கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை வைத்தார்கள். உங்கள் குடும்பத்தில் செத்தவர்களை அழைத்து, அவர்கள் வந்து வாக்குச் சொன்ன பிறகுதான் பந்தக்கால். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. செத்தவர்களை அழைப்பது பாவம் என்று கான்வென்ட்டில் படித்தேன். அழைக்காமல் கல்யாணம் செய்வது பாவம் என்று மாமியார் சொன்னார். இரண்டு பாவத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பூவாடைக்கும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்து எழுந்து வருவேன்.

அன்று அழைத்தது அவரை. கிணற்றடியிலிருந்து கலசம் வந்தது. பம்பை மேளம் ஏற ஏற என் ஓரகத்தி ஆட ஆரம்பித்தாள். ஆடி நின்று, தலையைச் சாய்த்து, மார்புப் பக்கம் கையால் தடவிக்கொண்டே, "என் கண்ணாடி எங்க?" என்றாள். அவர் தினமும் காலையில் கேட்கிற கேள்வி. அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஓரகத்திக்கும் தெரியும். என் அறிவு அதைச் சொன்னது. ஆனால் என் நாக்கு நுனிக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. அவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் போன கேள்வி. வாயைத் திறந்தேன்.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். வளையல் அழுந்தி வலித்தது. "கேக்காதீங்க அண்ணி. ஒண்ணு கேட்டா அடுத்தது கேப்பீங்க. அப்பறம் எழுந்து வர மாட்டீங்க" என்று காதில் சொன்னாய்.

பம்பைக்காரர் கடைசியில் கற்பூரம் ஏற்றிவிட்டு, "வாக்கு கேட்டாச்சு. வூட்டுக்காரம்மா விடை குடுங்க" என்றார். வந்தவருக்கு நெருங்கின சொந்தம்தான், போய்ட்டு வாங்க என்று சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் விட்டால் வந்தது திரும்ப வழி தெரியாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. கற்பூரம் கரைந்துகொண்டிருந்தது. நீதான் சொன்னாய், எக்சேஞ்சுக் குரலில் இல்லாமல் வயல் குரலில்: "போய்ட்டு வாண்ணா."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில், "நாம நம்பறோமா அண்ணி?" என்று கேட்டாய். "நான் நம்பவில்லை" என்றேன். "நானும்தான்" என்றாய். பிறகு போளூர் வரும் வரை இரண்டு பேரும் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்த ஸ்பீக்கரிடம் நான் ஒன்று கேட்டால் அடுத்தது கேட்பேன். இதுதான் என் பயம். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாத ஒன்றிடம் பயப்படுகிற ஆளும் நான் இல்லை. பிரவீண் போன அன்று சாயங்காலமே, இன்னொரு வாக்கியம் செய்து அனுப்பச் சொல்லலாமா என்று போனை எடுத்தேன். நல்ல காபி என்று சொன்னால் போதும். குளிர்கிறது, ஸ்வெட்டர் போடுங்கள் என்றால் போதும். போனைக் கீழே வைத்தேன். மறுநாள் மறுபடி எடுத்தேன். மணிக்கட்டைப் பிடிக்க ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ.

ஜீப் சத்தம் கேட்கிறது. அவர்களாகத்தான் இருக்கும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

*

வந்து போய்விட்டார்கள். வெளிச்சம் இன்னும் இருக்கிறது.

பதில் சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தை நான் கேட்க வேண்டும் என்றேன். செய்து வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். பிரவீண் தலையைக் குனிந்துகொண்டு, "செஞ்சிருக்கேம்மா. நீங்க வேணாம்னா யாருக்கும் போகாது" என்றான். புளி அறையில்தான் கேட்பேன் என்றேன். நானே முன்னால் நடந்து போய், நீ உட்காரும் நாற்காலியில் உட்காராமல், அதன் பக்கத்தில் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டேன். தவறுகளைக் குறிக்க.

நிஷாவின் ஏழு தாளம் தூரத்திலிருந்து வந்தது. பிறகு நீ வாசித்தாய்.

பென்சில் காகிதத்தைத் தொடவே இல்லை. ஒரு ழகரம் பிசகவில்லை. நீ நிறுத்தும் இடங்களில் நின்றது. உனக்கு வரும் அந்தச் சின்ன இழுவை, வாக்கிய முடிவில் குரலைக் கீழே வைக்கும் விதம், எல்லாம் இருந்தது. விசில் மட்டும் இல்லை. உன்னைக் கொன்றதை வெளியே எடுத்துவிட்டு உன்னைப் பேச வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நிஷா என் தோளில் கை வைத்தாள்.

'எல்லாம் சரியாகிவிடும் அண்ணா, வீட்டுக்கு வா' என்ற இடம் வந்தது. அதையும் வாசித்தது. அவ்வளவு நன்றாக, அவ்வளவு உறுதியாக, கேட்கிறவர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் போல. பிரவீணின் கண் கலங்கியிருந்தது.

எனக்குப் பிழை கிடைத்துவிட்டது.

நீ நம்பாத ஒன்றை எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் காசியம்மா பார்க்க வந்தபோது, "சரியாயிட்டேன்டி, அடுத்த வாரம் வந்துடுவேன்" என்று சொன்னாயே, அப்படித்தான் சொல்வாய். முதலில் கனைத்துக்கொள்வாய். வார்த்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டி வேகமாகத் தாண்டிவிடுவாய். பார்வை வேறெங்கோ போகும். இது கனைக்கவில்லை. அந்த வாக்கியத்தை நம்பி வாசித்தது. நீ நம்பியது போலவே வாசித்தது. பொய் என்று நீ வாயில் வைக்க மறுத்ததை உன் வாயாலேயே உண்மை போலச் சொல்ல வைத்தாகிவிட்டது. இனிக் கேட்கிற ஊர் பெயர் தெரியாதவர்கள் எல்லோரும் நீ அப்படித்தான் சொன்னாய் என்று நம்புவார்கள். சில வருஷம் போனால் நானும் நம்பிவிடுவேன்.

"வேண்டாம்" என்றேன்.

பிரவீண் பாட்டை நிறுத்தினான். பிறகு, "அவங்க எழுதின வார்த்தைதானேம்மா. நாங்க ஒண்ணுகூட சேக்கல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கும் நீ போனது பெரிய அடி.

"எழுதினாள். பிறகு வேண்டாம் என்றாள். இரண்டும் அவள்தான். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எடுத்துக்கொள்ள முடியும்."

"அப்ப அந்த இடத்துல என்ன வரும்?"

அப்போது நிஷா, "எடுக்கற சத்தம் மட்டும் போதும்" என்றாள். "ஏழு ஏழா போயிட்டே இருக்கட்டும். கடைசியில ஒரே ஒரு தடவ எட்டு. ரிசீவர எடுக்கற சத்தம். அதோட ரெக்கார்டு முடிஞ்சிடும். அவ என்ன சொன்னான்னு யாருக்கும் தெரிய வேணாம்."

"ஆண்ட்டிக்கே தெரியலையே" என்று பிரவீண் மெதுவாகச் சொன்னான். அவன் உன்னை ஆண்ட்டி என்று கூப்பிடுவதை நீ இருந்தவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. பிறகு இரண்டு பேரும் மேசையில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்தார்கள். நானும் எண்ணினேன். சரியாக வந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும் முன் பிரவீண் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தான். உன் குரலைப் பழக்கியது, அந்தக் கடைசிப் பக்கம், காபி வாக்கியம், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. "நீங்களே அழிச்சிடுங்கம்மா. அப்பதான் உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்று எந்தப் பொத்தான் என்று காட்டினான்.

விரலை வைத்தேன். பம்பை இல்லை, கற்பூரம் இல்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வந்தவளுக்கு நெருங்கின சொந்தம் நான்தான். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்று எனக்குப் பதிலாகச் சொன்னவளே இன்று விடைபெற வேண்டியவளாகிவிட்டாள். தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான், மேகம் கட்டுகிறது, இறக்கத்தில் மாட்டிக்கொள்வோம் என்று. காசியம்மா வாசலிலிருந்து, "ம்மா, அந்தாளு கத்தறான்" என்றாள். நான் பொத்தானை அழுத்திவிட்டேன். சொல்லவில்லை.

சரி, அதற்கு நம்பிக்கை இருந்தால்தானே. இல்லை என்று பஸ்ஸில் உன்னிடமே சொன்னேன். இருந்தாலும் இப்போது கூடத்தில் உட்கார்ந்து எழுதும்போது சமையலறைக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிரவீண் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் அவனுக்கே தெரியாமல் எங்கேயாவது ஒரு பிரதி இருக்கலாம் என்று நினைக்கிறேன். போன மாதத்திலிருந்தே, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு முதலில் பேசாமல் இருக்கிறேன். அந்தப் பக்கம் பேசுவது கடன் அட்டை விற்கும் பெண் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. உன்னைப் பற்றி என் நினைவில் இருக்கும் சத்தங்களில் கலப்படம் ஆகிவிட்டது. காபி ஆறிடப் போவுது என்று நீ எத்தனையோ காலையில் சொல்லியிருக்கிறாய். இப்போது நினைத்தால் ஸ்பீக்கர் சொன்னதுதான் வருகிறது, விசில் இல்லாமல், இளமையாக. எது நீ, எது அது என்று பிரிக்கப் பார்க்கிறேன். இவ்வளவு பிழை பார்த்த எனக்கு இது முடியவில்லை.

ஆனால் நல்லவேளையாக ஒன்று இருக்கிறது. உன்னை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கீழே கொண்டுபோன அன்று, நீ என் மடியில் தலை வைத்திருந்தாய். வளைவுகளில் நீ சரியாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் டிரைவர் கியரை மாற்றும்போது வண்டி ஒரு கணம் சத்தம் அடங்கியது. அப்போது நீ கண்ணைத் திறந்து என்னிடம் ஒன்று சொன்னாய். சின்ன வாக்கியம்தான். பெரிய விஷயமும் இல்லை, வேறு யாருக்காவது சொன்னால் இதற்கா என்பார்கள். விசிலோடு சொன்னாய். அங்கே மைக் இல்லை. டிரைவருக்குக் கேட்கவில்லை. பிரவீணிடம் இல்லை, எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

அதை இங்கே எழுத நினைத்துத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன். இப்போது எழுதப் போவதில்லை. எழுதினால் அது வார்த்தைகளாகிவிடும். வார்த்தைகள் கிடைத்தால் குரல் செய்துவிடுகிறார்கள். எழுதாவிட்டால் எனக்கு மறந்துபோகும் நாள் வரும், அதுவும் தெரிகிறது. வயது ஆகிறது. நேற்று எதிர்வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வரவில்லை. ஆகவே தினமும் காலையில் பல் துலக்கும்போது, வாயைத் திறக்காமல், உள்ளுக்குள்ளேயே ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலை வந்தது. மூச்சும் விசிலுமாக, நீ சொன்னபடியே வந்தது.